ஸ்டெம் ஓபிடி நீட்டிப்பு: எதை முதலில் செய்வது, எங்கே தவறுகிறது

அமெரிக்காவில் எஃப்-1 எனும் மாணவர் விசாவில் படித்து முடித்து, முதல் பன்னிரண்டு மாத ஓபிடியில் (படிப்பு சார்ந்த வேலை பார்க்கத் தரும் தற்காலிக அனுமதி) வேலை பார்க்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் வாங்கியவர்கள் மேலும் 24 மாதங்கள் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். 2016 மே 10 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது. அதற்கு முன் 17 மாதங்கள்தான் கிடைத்தன.

படிவத்தை நிரப்புவது கடினமான வேலை இல்லை. உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன் மூன்று பேரின் வேலை முடிந்திருக்க வேண்டும்: உங்கள் வேலை, நிறுவனத்தின் வேலை, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓவின் வேலை. இந்த வரிசை குலைந்தாலோ தேதி தவறினாலோ, தகுதி இருந்தும் அனுமதி கிடைக்காது. அதனால் ஓபிடி முடிய நான்கு மாதம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

முதலில் தகுதியைச் சரிபாருங்கள்

பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில், படிப்பின் வகையைக் காட்டும் ஆறு இலக்க சிஐபி குறியீடு இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 11.0701 போல. அந்தக் குறியீடு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொதுவான பொருளாதாரப் படிப்பான 45.0601 பட்டியலில் இல்லை. எகனாமெட்ரிக்ஸ் படிப்பான 45.0603 இருக்கிறது. ஒரே பெயரில் உள்ள படிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் ஆகவும் இன்னொன்றில் இல்லாமலும் இருப்பது இதனால்தான்.

இப்போது முடித்த பட்டம் ஸ்டெம் இல்லையென்றாலும் ஒரு வழி உண்டு. கடந்த பத்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலேயே, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் வாங்கிய முந்தைய ஸ்டெம் பட்டத்தைக் காட்டலாம். பார்க்கும் வேலை அந்தப் பட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். உதாரணமாக, பி.எஸ். கணினியில், எம்பிஏ பொது மேலாண்மையில் என்று இருப்பவர்களுக்கு இது பொருந்தும். இந்தியாவில் வாங்கிய பி.இ. பட்டத்தை இதற்குக் காட்ட முடியாது. வாழ்நாளில் இரண்டு முறை ஸ்டெம் நீட்டிப்பு பெறலாம். இரண்டாவது முறை முதல் முறையைவிட உயர்ந்த நிலைப் பட்டத்தின் பேரில் கேட்க வேண்டும்.

நிறுவனத்தின் பக்கம் கவனிக்க வேண்டியவை: ஊழியர்களின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சம்பளம் தர வேண்டும், வாரம் குறைந்தது 20 மணி நேரம் வேலை இருக்க வேண்டும், உங்களைப் பயிற்றுவிக்கவும் மேற்பார்வையிடவும் உண்மையான ஆள் இருக்க வேண்டும். முதல் ஓபிடியில் சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை பார்த்துச் சமாளித்தவர்கள் இங்கே அப்படிச் செய்ய முடியாது. சொந்தமாகத் தொழில் நடத்துவதும் செல்லாது. நண்பர்களோடு ஸ்டார்ட்அப் தொடங்கியிருந்தாலும் முதலாளி என்ற இடத்தில் உங்களுக்காக நீங்களே கையெழுத்துப் போட முடியாது.

பணம் வாங்கிக்கொண்டு ஆஃபர் லெட்டரும் பயிற்சித் திட்டமும் தயாரித்துத் தரும் கன்சல்டன்சிகளிடம் போகவே போகாதீர்கள். வேலையில்லா நாட்கள் ஏறுகிற பயத்தில்தான் பலர் அங்கே போகிறார்கள், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் பெயர், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் தரவுத்தளமான செவிஸில் நிரந்தரமாக நிற்கும். அந்த நிறுவனம் விசாரணையில் சிக்கினால், பிறகு எச்-1பி, விசா முத்திரை, கிரீன் கார்டு என்று எங்கே போனாலும் அந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும்.

மூன்று கெடுக்கள்

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். உங்கள் இப்போதைய இஏடி கார்டு (வேலை அனுமதி அட்டை) 2026 ஜூன் 30-இல் முடிகிறது என்று கொள்வோம்.

முதல் கெடு: கார்டு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்துதான் விண்ணப்பிக்கலாம். இங்கே அது ஏப்ரல் 1. அதற்கு முன் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

இரண்டாவது: ஜூன் 30-க்குள் விண்ணப்பம் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் அனுப்பினால், நீங்கள் பெட்டியில் போட்ட தேதி கணக்கில்லை; அவர்கள் பெற்ற தேதிதான் கணக்கு. ஓபிடி முடிந்தபின் 60 நாள் சலுகைக் காலம் உண்டே, அதற்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய தவறு. அந்த 60 நாள் ஊருக்குக் கிளம்பவோ, வேறு படிப்பில் சேரவோ, விசா நிலையை மாற்றவோதான். ஸ்டெம் நீட்டிப்பு கேட்க அல்ல.

மூன்றாவதுதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது. டிஎஸ்ஓ செவிஸில் பரிந்துரை போட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 10-இல் பரிந்துரை வந்தால் ஜூன் 9 கடைசி நாள். கார்டுதான் ஜூன் 30 வரை இருக்கிறதே என்று ஜூன் 15-இல் அனுப்பினால், கார்டுத் தேதிப்படி சரி. பரிந்துரைத் தேதிப்படி நிராகரிப்பு. 60 நாள் தாண்டிவிட்டது என்று அனுப்பும் முன்பே தெரிந்தால், டிஎஸ்ஓவிடம் சொல்லிப் புதிய பரிந்துரையும் புதிய ஐ-20-உம் வாங்கிவிட்டு அனுப்புங்கள். கார்டு முடியாத வரைக்கும் இந்த வழி திறந்திருக்கும்.

முதல் ஓபிடிக்கு இதே பரிந்துரைக் கெடு 30 நாள். அந்த நினைவில் இருப்பவர்கள் குழம்புவதுண்டு.

ஐ-983: அதிக நேரம் பிடிக்கும் படிவம்

இது பயிற்சித் திட்டப் படிவம். யுஎஸ்சிஐஎஸ்-க்குப் போவதில்லை, டிஎஸ்ஓவிடம் கொடுப்பது. இது சரியாக இருந்தால்தான் அவர் பரிந்துரை போடுவார். நீங்கள் ஒரு நாளில் எழுதிவிடலாம். நிறுவனத்தில் சட்டப் பிரிவு, எச்ஆர், மேலாளர் என்று சுற்றி வர வாரக்கணக்கில் ஆகலாம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனிக் குழு இருக்கும். சின்ன நிறுவனங்களில் இந்தப் படிவத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் உங்கள் பகுதிகளை நிரப்பி, அவர்கள் நிரப்ப வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தால் வேகமாக நகரும்.

முதல் பகுதியில் உங்கள் விவரம், செவிஸ் எண், சிஐபி குறியீடு, கேட்கும் காலம் ஆகியவை வரும். காலத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கார்டு முடியும் நாளுக்கு அடுத்த நாள் தொடக்கம்; நம் உதாரணத்தில் 2026 ஜூலை 1 முதல் 2028 ஜூன் 30 வரை. அனுமதி தாமதமாக வந்தாலும் இந்தத் தேதி தள்ளிப் போகாது.

மூன்றாம் பகுதியில் நிறுவனத்தின் வரி எண்ணான இஐஎன், தொழில் வகைக் குறியீடு, அமெரிக்காவில் உள்ள முழுநேர ஊழியர் எண்ணிக்கை, வார மணி நேரம், சம்பளம். இதை எச்ஆரிடம் கேட்டு எழுதுங்கள், இணையத்தில் தேடி எழுதாதீர்கள். ஒரே குழுமத்தில் பல நிறுவனங்கள் இருக்கும். சம்பளச் சீட்டில் எந்தப் பெயர் வருகிறதோ அந்த நிறுவனத்தின் எண்தான் வேண்டும்.

ஐந்தாம் பகுதி பயிற்சித் திட்டம். டிஎஸ்ஓ திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதற்காகத்தான். உங்கள் பொறுப்பு, கற்கப் போவது, யார் எப்படி மேற்பார்வை செய்வார், எதை வைத்து மதிப்பிடுவார் என்று தனித்தனியாகக் கேட்கும். வேலை விளம்பரத்தில் இருந்த வரிகளை அப்படியே ஒட்டினால் போதாது. "மென்பொருள் உருவாக்கிக் குழுவோடு இணைந்து பணியாற்றுவேன்" என்ற வரியில் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. இதே விஷயத்தை இப்படி எழுதலாம்: "கார்டு பரிவர்த்தனைத் தரவில் மோசடியைக் கண்டறியும் மாடலைப் பைத்தானில் எழுதிச் சோதிப்பேன். முதுநிலைப் படிப்பில் மெஷின் லேர்னிங், புள்ளியியல் ஆகிய பாடங்களில் கற்ற வகைப்படுத்தும் முறைகளை இதில் பயன்படுத்துகிறேன். முதல் ஆறு மாதத்தில் தரவைச் சுத்தம் செய்யும் பகுதியைத் தனியாகக் கையாளவும், ஓராண்டுக்குள் மாடலை நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோகவும் கற்பேன்." படிவத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். மேற்பார்வைக்கும் அப்படியே: வாரம் ஒருமுறை மேலாளரோடு தனிச் சந்திப்பு, ஒவ்வொரு நிரல் மாற்றத்துக்கும் மூத்த பொறியாளர் பரிசீலனை, காலாண்டுக்கு ஒருமுறை எழுத்து மதிப்பீடு என்று நடப்பதை எழுதுங்கள். நடக்காததை எழுத வேண்டாம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பணியிடத்துக்கு நேரில் வந்து இந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்க அதிகாரம் உண்டு. புகாரின் பேரில் வராதபோது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்வார்கள்.

வேலை நடக்கும் முகவரியையும் உள்ளபடி எழுதுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றாலோ, கிளையன்ட் இடத்தில் வேலை என்றாலோ முதலில் டிஎஸ்ஓவிடம் கேளுங்கள். மூன்றாம் தரப்பு இடத்தில் வேலை பார்ப்பதே தவறு இல்லை. ஆனால் படிவத்தில் கையெழுத்திட்ட நிறுவனம்தான் பயிற்சியைத் தர வேண்டும். ஆளை அனுப்பிவிட்டுச் சம்பளம் மட்டும் போடும் ஏற்பாடு இதில் நிற்காது.

கையெழுத்து எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தட்டச்சு செய்த பெயரைக் கையெழுத்தாக ஏற்காமல் படிவம் திரும்பி வந்தால், மறுபடி அதே மேலாளரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

புதிய ஐ-20 வந்ததும்

ஐ-983 ஏற்கப்பட்டதும் டிஎஸ்ஓ புதிய ஐ-20 தருவார். இரண்டாம் பக்கத்தில் ஸ்டெம் ஓபிடி பரிந்துரையும் தேதிகளும் நிறுவனப் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் பக்கத்தில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பலர் இதை மறக்கிறார்கள். இந்த ஐ-20 கைக்கு வருவதற்கு முன் விண்ணப்பத்தை அனுப்பவே கூடாது.

இனி ஐ-765, அதாவது யுஎஸ்சிஐஎஸ்-க்கு அனுப்பும் விண்ணப்பப் படிவம். யுஎஸ்சிஐஎஸ் இணையக் கணக்கில் நேரடியாக நிரப்புவது நல்லது. அனுப்பிய அன்றே ரசீது எண் வந்துவிடும், தபால் தாமதம் என்ற கவலை இல்லை, கட்டணமும் குறைவு. 2024 ஏப்ரல் 1 முதல் இணையத்தில் 470 டாலர், தாளில் 520 டாலர். அனுப்பும் நாளில் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் செலுத்துவதாக இருந்தால் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சந்தேகப் பரிவர்த்தனை என்று வங்கி தடுத்தால் விண்ணப்பமும் அதோடு நின்றுவிடும்.

கவனம் வேண்டிய இடங்கள் நான்கு. ஒன்று, வகை. முதல் ஓபிடிக்கு சி-3-பி. ஸ்டெம் நீட்டிப்புக்கு சி-3-சி. பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்புகிறவர்கள் பி-யையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு, இ-வெரிஃபை எண். இது இஐஎன் அல்ல. இஐஎன் ஒன்பது இலக்க வரி எண். இ-வெரிஃபை நிறுவன எண் அதைவிடச் சின்னது. நிறுவனம் வேறொரு முகவர் வழியாக இ-வெரிஃபை செய்தால், முகவரின் எண்ணைப் போடக்கூடாது, வாடிக்கையாளர் நிறுவனத்துக்கென்று உள்ள எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நிறுவனப் பெயரும் இ-வெரிஃபையில் பதிவான எழுத்தில் இருக்க வேண்டும். கடைப்பலகையில் உள்ள பெயர் வேறாக இருக்கலாம். எச்ஆருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் "எண்ணும், பதிவில் உள்ள பெயரும்" என்று இரண்டையும் கேளுங்கள்.

மூன்று, பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்து, முழுப் பெயரும் குடும்பப் பெயர் கட்டத்தில் போயிருக்கும். அப்பா பெயரை விரித்தெழுதிய ஆவணம் ஒன்று, இனிஷியல் மட்டும் உள்ள ஆவணம் ஒன்று என்றும் இருக்கும். புதிய ஐ-20-இல் உள்ள பெயரும் பழைய இஏடி கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே டிஎஸ்ஓவிடம் சொல்லுங்கள். மற்ற ஆவணங்களில் உள்ள வடிவங்களை "முன்பு பயன்படுத்திய பெயர்கள்" பகுதியில் எழுதிவிடுங்கள்.

நான்கு, முகவரி. கார்டு தபாலில் வரும். வீடு மாறினால் தபால் துறை அதைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பாது, அனுப்பியவருக்கே போய்விடும். அடுத்த மூன்று, நான்கு மாதம் நிச்சயமாக இருக்கும் முகவரியைக் கொடுங்கள். நண்பர் வீட்டு முகவரி என்றால் "இன் கேர் ஆஃப்" (c/o) என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதி, தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டிவையுங்கள்.

இணைக்க வேண்டியவை: கையெழுத்திட்ட புதிய ஐ-20, இப்போதைய இஏடி கார்டின் இரு பக்கமும், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், முன்பு பெற்ற சிபிடி (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி), ஓபிடி அனுமதிகளைக் காட்டும் பழைய ஐ-20-கள். புகைப்படம் கேட்டால் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, அண்மையில் எடுத்தது. பட்டச் சான்றிதழ் விட்டுப் போவதுதான் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வருவதற்கு வழக்கமான காரணம். முந்தைய பட்டத்தின் பேரில் கேட்பவர்கள் அந்தப் பட்டத்தின் சான்றிதழை இணைக்க வேண்டும்.

விரைவுப் பரிசீலனை வேண்டுமானால் ஐ-907 தனி. 30 வேலை நாட்களில் முடிவு சொல்வார்கள், அல்லது ஆர்எஃப்இ அனுப்புவார்கள். 1,600 டாலருக்கு மேல் ஆகும். நிலுவையில் இருக்கும்போதே வேலையைத் தொடர முடியும் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. அவசரமாக வெளிநாடு போக வேண்டியவர்கள் யோசிக்கலாம்.

அனுப்பியபின் வரும் 180 நாள்

நேரத்துக்குள் விண்ணப்பித்தவர்கள் கார்டு முடிந்தபின்னும் 180 நாள் வரை வேலையைத் தொடரலாம். நம் உதாரணத்தில் 2026 டிசம்பர் 27 வரை. இதற்குத் தனி அட்டை எதுவும் வராது. அதனால்தான் எச்ஆர் பதறுகிறார்கள்: அவர்கள் கணினியில் ஜூன் 30-க்கு மேல் உங்கள் ஐ-9 (வேலைத் தகுதியைப் பதிவு செய்யும் படிவம்) காலாவதி. கார்டு முடியப் பதினைந்து நாள் இருக்கும்போதே அந்தக் கார்டு, பரிந்துரை உள்ள ஐ-20, ரசீது மூன்றையும் அனுப்பி, முதலாளிகளுக்கான எம்-274 கையேட்டில் ஸ்டெம் ஓபிடி பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கையேடு அவர்கள் நம்புகிற நூல். உங்கள் விளக்கத்தைவிட அது வேகமாக வேலை செய்யும். ஓட்டுநர் உரிமமும் பல மாநிலங்களில் கார்டுத் தேதியோடு முடியும். புதுப்பிக்கப் போகும்போது இதே மூன்று காகிதங்களின் அசலோடு போங்கள்.

இந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் ஆறு மாதத்துக்குள் டிஎஸ்ஓ போட்ட பயணக் கையெழுத்து, செல்லுபடியாகும் விசா, பழைய கார்டு, ரசீது, வேலைக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

எச்-1பி குலுக்கலில் பெயர் வந்திருந்தாலும் இந்த நீட்டிப்பைக் கைவிடாதீர்கள். எச்-1பி தொடங்கும் வரை தங்கி வேலையைத் தொடர விடும் கேப்-கேப் சலுகை இப்போது ஏப்ரல் 1 வரை நீள்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மனு நிராகரிக்கப்பட்டால் சலுகையும் அதோடு போகும், கையில் ஸ்டெம் இல்லையென்றால் நிற்க இடமிருக்காது.

கார்டு கைக்கு வந்தால் பெயர், பிறந்த தேதி, வகை, இரு தேதிகள் ஆகியவற்றை உடனே பாருங்கள். வகை சி03சி என்றிருக்க வேண்டும். பிறகு ஒரு நகல் டிஎஸ்ஓவுக்கு, அசலைக் காட்டி ஐ-9 புதுப்பிப்பு எச்ஆருக்கு.

இரண்டு ஆண்டும் செய்ய வேண்டியவை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயர், முகவரி, நிறுவனம், வேலை நிலை ஆகியவற்றை டிஎஸ்ஓவிடம் உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் செய்ய வேண்டும். பன்னிரண்டாம் மாதம் முடிந்த 10 நாளுக்குள் ஐ-983-இன் சுயமதிப்பீட்டுப் பக்கம், மேலாளர் கையெழுத்தோடு. வீட்டு முகவரி மாறினால் 10 நாளுக்குள் டிஎஸ்ஓவுக்குச் சொல்ல வேண்டும்; விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் யுஎஸ்சிஐஎஸ்-க்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. சம்பளம் குறைந்தாலோ, மணி நேரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தாலோ, நிறுவனம் விற்கப்பட்டு இஐஎன் மாறினாலோ திருத்திய ஐ-983 வேண்டும்.

வேலை மாறுவதாக இருந்தால், புது நிறுவனம் இ-வெரிஃபையில் இருக்கிறதா என்று ஆஃபரை ஏற்கும் முன்பே கேளுங்கள். பழைய நிறுவனத்துக்கான இறுதி மதிப்பீடும், புது நிறுவனத்துக்கான ஐ-983-உம் 10 நாளுக்குள் போக வேண்டும். பழைய மேலாளரின் கையெழுத்தைக் கடைசி வேலை நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விலகியபின் அவர் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது அரிது.

வேலை போனால் நாள் எண்ணத் தொடங்கிவிடும். முதல் ஓபிடியில் 90, ஸ்டெமில் கூடுதலாக 60, ஆக மொத்தம் 150 நாள். முதல் ஆண்டில் வேலை தேடிய நாட்களும் இதில் சேரும்; சனி, ஞாயிறும் சேரும். முதல் ஆண்டில் 80 நாள் போயிருந்தால் மிச்சம் 70. வேலையிலிருந்து விலகியதை நிறுவனமும் ஐந்து வேலை நாட்களுக்குள் டிஎஸ்ஓவுக்குத் தெரிவிக்கும் கடமை உள்ளது, ஆகவே மறைத்துப் பயனில்லை. எத்தனை நாள் மிச்சம் என்று டிஎஸ்ஓவிடம் அன்றே கேட்டு எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வேறு படிப்பா, நிலை மாற்றமா, ஊர் திரும்புவதா என்று முடிவெடுத்துவிடுங்கள்.